தெருக்கூத்து எடுக்க 70-200: எடை குறைந்த எஃப் 4-ஆ, ஒளி கூடிய எஃப் 2.8-ஆ?

படுகளம்:

அனைவருக்கும் வணக்கம். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களைத் தொடர்ந்து படமெடுத்து வருகிறேன். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, நடுவில் அர்ச்சுனன் தபசு, கடைசி நாளில் துரியோதனன் வீழும் படுகளமும் தீமிதியும். உச்சி வெயிலுக்கும் நள்ளிரவுக்கும் ஒரே லென்ஸை நம்பியிருக்கிறேன்.

இதுவரை கேனான் 80டி-யும் 55-250 லென்ஸும்தான். பகலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரவில், லென்ஸை முழுவதும் நீட்டினால் எஃப் 5.6 ஆகிவிடுகிறது, அதாவது துளை சிறுத்து வெளிச்சம் குறைகிறது. ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400 வைத்தும் ஷட்டர் வேகம் 1/125-க்கு மேல் ஏறுவதில்லை. வேடக்காரர் நின்று வசனம் பேசும்போது முகம் நன்றாக வருகிறது. சுழன்றாடத் தொடங்கியதும் கையும் புஜக்கட்டையும் பாவாடை விளிம்பும் கரைந்துபோகின்றன.

இப்போது கேனான் ஆர்6 ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். லென்ஸ்தான் முடிவாகவில்லை. ஆர்6-க்கென்றே உள்ள ஆர்எஃப் வகையில் 70-200 மி.மீ. எஃப் 4 என் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது. எஃப் 2.8 வேண்டுமென்றால் இன்னும் ஓராண்டு சேமிக்க வேண்டும், அதாவது வரும் சித்திரை முதல் ஆடி வரையிலான திருவிழாக் காலம் முழுவதையும் பழைய லென்ஸிலேயே கழிக்க வேண்டும்.

படங்களை ஏ3 அளவில் அச்சிட்டு அந்தந்த ஊர்க் கோயில் வாசலிலேயே காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கூத்தாடுபவர்கள் தங்களை அந்த அளவில் பார்த்ததே இல்லை. அதற்குத் தகுந்த லென்ஸ் எது என்று சொல்லுங்கள்.

ஏரிக்கரை:

லென்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஷட்டர் வேகத்தை முடிவு செய்யுங்கள், தம்பி. உங்கள் படத்தில் எது கரையக் கூடாது? அதற்கு எவ்வளவு வேகம் வேண்டும்? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் எஃப் எண் தானாக வந்து நிற்கும்.

நீங்கள் கொடுத்த அளவையே எடுத்துக்கொள்வோம். எஃப் 5.6-இல் 1/125 கிடைக்கிற இடத்தில், ஐஎஸ்ஓவை மாற்றாமலேயே எஃப் 4-இல் 1/250 கிடைக்கும், எஃப் 2.8-இல் 1/500 கிடைக்கும். ஆடுகிறவரின் கை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/125-இல் அந்தக் கை 24 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், 1/250-இல் 12, 1/500-இல் 6. கேமராவை நிமிர்த்திப் பிடித்துக் கிரீடம் முதல் கால்வரை முழு உருவத்தையும் எடுத்தால், ஆர்6-இன் சென்சாரில் ஒரு புள்ளி (பிக்சல்) ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டரைப் பிடிக்கும். ஆக 1/125-இல் கை ஏறக்குறைய அறுபது புள்ளி அகலத்துக்கு இழுபடும், 1/500-இல் பதினைந்து புள்ளிதான். ஏ3 அச்சில் முதலாவது பளிச்சென்று கண்ணில் படும். இரண்டாவது அவ்வளவாக உறுத்தாது. 1/250 இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. உங்கள் கேள்வி முழுவதும் இந்த நடுப்பகுதியைப் பற்றியதுதான்.

நிலைப்படுத்தி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். லென்ஸில் உள்ளதும் கேமராவுக்குள் உள்ளதும் சேர்ந்து உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். ஆடுகிறவரின் கையை நிறுத்த அவற்றால் ஆகாது. அதைச் செய்வது ஷட்டர் மட்டுமே, ஷட்டருக்குத் தீனி வெளிச்சம்.

இன்னொரு செய்தி உங்களுக்குச் சாதகமானது. 80டி-யிலிருந்து ஆர்6-க்கு மாறியதிலேயே நீங்கள் பாதி வழி வந்துவிட்டீர்கள். ஆர்6-இன் சென்சார் பரப்பு பழையதைப்போல இரண்டரை மடங்கு. ஒரே ஐஎஸ்ஓவில் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள், ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் இரு மடங்காகும் ஒரு படிக்கு) மேல் குறைந்து தெரியும். எனவே ஆர்6-இல் 12800 வைக்கத் தயங்க வேண்டாம். எஃப் 4-உடன் 12800 வைத்தால் அதே 1/500 கிடைத்துவிடுகிறது.

வெள்ளிமீன்:

மதுரையில் திருமணப் படப்பிடிப்புதான் என் தொழில். என் பதில் எஃப் 2.8, தயக்கமே இல்லாமல்.

ஐஎஸ்ஓவை ஏற்றிவிடலாம் என்று ஏரிக்கரை ஐயா சொல்வது எஃப் 2.8-க்கும் பொருந்தும் அல்லவா? அங்கும் 12800 வைத்தால் 1/1000 கிடைக்கும். ஒரு ஸ்டாப் என்றைக்கும் ஒரு ஸ்டாப்தான். கூத்துக் களத்தில் வெளிச்சம் ஒரே சீராக இருப்பதில்லை. விளக்குக்கு நேர் கீழே இருப்பவர் நாலடி பின்வாங்கினால் பாதி வெளிச்சம் போய்விடும். உங்கள் 1/125 கணக்கு விளக்கடியில் எடுத்ததா, ஓரத்தில் எடுத்ததா என்று பாருங்கள். திரைக்குப் பின்னாலிருந்து வேடம் வெளிப்படும் அந்தக் கணம் பெரும்பாலும் இருட்டில்தான் நடக்கிறது. அதுதான் இரவின் முதன்மையான படம்.

குவியம் பிடிப்பதையும் மறக்க வேண்டாம். கேமரா குவியம் தேடும்போது லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு வெளிச்சத்தை வைத்துத்தான் தேடுகிறது. இருட்டில் இரு மடங்கு வெளிச்சம் என்பது முகத்தைப் பற்றிக்கொள்வதற்கும் நழுவவிடுவதற்கும் உள்ள வேறுபாடு.

எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஃப் 2.8 என்றால் பாறாங்கல் என்ற எண்ணம் கேனானின் பழைய ஈஎஃப் வகை லென்ஸ்களால் வந்தது. ஈஎஃப் 70-200 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 1490 கிராம். ஆர்எஃப் எஃப் 2.8-இன் எடை 1070 கிராம், ஆர்எஃப் எஃப் 4-இன் எடை 695 கிராம். வேறுபாடு 375 கிராம்தான். இதற்காக ஒரு ஸ்டாப்பை விட்டுக்கொடுப்பீர்களா?

கரிசல்:

விட்டுக்கொடுப்பேன். பல ஆண்டுகளாக விட்டுக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

திருமண மண்டபத்தில் மூன்று மணி நேரம் நிற்பதும், இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை தரையில் உட்கார்ந்து, எழுந்து, குனிந்து, குழந்தைகளின் தலைக்கு மேலே கேமராவைத் தூக்கிப் பிடிப்பதும் வேறு வேறு வேலைகள். ஆர்6 உடல் 680 கிராம். எஃப் 4 போட்டால் மொத்தம் 1375, எஃப் 2.8 போட்டால் 1750. மாலையில் கையில் எடுக்கும்போது இந்த வேறுபாடு தெரியாது. விடியற்காலை மூன்று மணிக்குத் தெரியும். கை சோர்ந்தால் கேமராவை மடியில் வைத்துவிடுவோம். மடியில் இருக்கிற கேமராவுக்கு எஃப் 2.8 இருந்து என்ன பயன்? கூத்தின் உச்சம் பின்னிரவில்தான் வருகிறது. கர்ண மோட்சமானாலும் பதினெட்டாம் போரானாலும் உயிர் போகிற கட்டம் விடியலை ஒட்டித்தான்.

படுகளம் தம்பி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மிருதங்கத்தைக் கேளுங்கள். சுற்று முடிந்து அடி விழுகிற இடத்தில் ஆடுகிறவர் ஒரு நொடியின் சிறு பகுதி அசையாமல் நிற்பார். கால் சலங்கை நிற்கும், கண் விரியும், மார்பு மட்டும் ஏறி இறங்கும். அந்த நிறுத்தத்துக்கு 1/160 போதும். நாலைந்து கூத்து பார்த்தவருக்கு அது எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அந்த அறிவு ஒரு ஸ்டாப்புக்குமேல் பெறும்.

மற்றொன்று, எல்லா அசைவையும் உறைய வைத்தால் கூத்து பொம்மைக் கொலுவாகிவிடும். முகம் கூர்மையாக இருந்து பாவாடை மட்டும் சுழலாக இழுபட்ட படம்தான் என்னைப் பொறுத்தவரை கூத்தின் படம். அதற்கு 1/60 வைத்து ஆடுகிறவரோடு சேர்ந்து கேமராவைத் திருப்ப வேண்டும். அங்கே நிலைப்படுத்தி உண்மையாகவே உதவும், எஃப் 4 தாராளமாகப் போதும்.

வெள்ளிமீன்:

கரிசல் அக்கா சொல்கிற 1/60 படத்தை நானும் மதிக்கிறேன். அதை எஃப் 2.8 லென்ஸிலும் எடுக்கலாம். எஃப் 4 லென்ஸால் எஃப் 2.8 படத்தை எடுக்க முடியாது. பணம் கொடுப்பது அந்த வாய்ப்புக்காகத்தான்.

பின்னணியையும் பாருங்கள். கூத்துக் களத்துக்குப் பின்னால் என்ன இருக்கும்? பிளாஸ்டிக் நாற்காலி, ஒலிபெருக்கிப் பெட்டி, மின்கம்பி, விளம்பரப் பதாகை. எஃப் 2.8 இவற்றையெல்லாம் கரைத்துவிடும்.

கரிசல்:

பின்னணி கரைய வேண்டும் என்று யார் சொன்னது? பின்பாட்டுக்காரரும் ஆர்மோனியமும் முகவீணையும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் போர்வை போர்த்திக்கொண்டு விழித்திருக்கும் ஊர் இருக்கிறது. அவர்கள் இல்லாமல் வேடம் மட்டும் தெரிந்தால் அது ஒப்பனைப் படம். நான் பல நேரங்களில் எஃப் 5.6 வரை துளையைக் குறைக்க முடியாதா என்றுதான் ஏங்குகிறேன்.

ஏரிக்கரை:

இருவரும் சொல்வதில் ஒரு கணக்கு விடுபடுகிறது. தம்பி எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கிறார்?

200 மி.மீ. லென்ஸில் 5 மீட்டர் தூரத்தில் எஃப் 2.8 வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே 10 சென்டிமீட்டர்தான். கண்ணில் குவியம் பிடித்தால் புஜக்கட்டை கரைந்துவிடும். எஃப் 4-இல் அது 15 சென்டிமீட்டர். 12 மீட்டர் தூரத்துக்குப் போனால் 60, 86 சென்டிமீட்டர் என்று ஆகிவிடுகிறது, அங்கே எஃப் 2.8-ஐத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆக, தூரத்தில் உட்காருபவருக்கு எஃப் 2.8 முழுப் பயன் தரும். கிட்டத்தில் இருந்துகொண்டு 200-இல் எடுப்பவர் துளையைக் குறைக்கத்தான் போகிறார்.

தூரம் சொல்லுங்கள்.

படுகளம்:

முன்பெல்லாம் மக்களுக்குப் பின்னால் நின்று, பத்து மீட்டருக்கு மேலிருந்து எடுப்பேன். அதனால்தான் 250 வரை நீட்ட வேண்டியிருந்தது. இப்போது கூத்து வாத்தியார்கள் பலர் பழக்கமாகிவிட்டார்கள். களத்தின் பக்கவாட்டு ஓரத்தில், குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் வரிசையில் இடம் கொடுக்கிறார்கள். அங்கிருந்து ஆடுகிறவர் ஐந்து, ஆறு மீட்டரில் இருப்பார். சில சமயம் இரண்டு மீட்டருக்கே வந்துவிடுவார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் என் மேலேயே விழுவதுபோல வருவதும் உண்டு.

தபசு மரம் வேறு கதை. நான் போகும் ஊர்களில் பெரும்பாலும் பகலில்தான் நடக்கிறது. பனைமரத்தின் மேலே மேடை, அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார், மேலே போய் எலுமிச்சையும் விபூதியும் வீசுவார். கீழே பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். பதினைந்து மீட்டருக்குக் குறையாது. அங்கே 200 கட்டாயம் வேண்டும்.

வெள்ளிமீன் அண்ணா கேட்டதற்கு: 1/125 என்பது விளக்கடிக் கணக்கு. திரைப் பிரவேசத்தின்போது அதைவிட மோசம்.

ஏரிக்கரை:

அப்படியானால் உங்கள் கேள்வியே மாறிவிட்டது.

கேமராவை நிமிர்த்திப் பிடித்தால், 200 மி.மீ. லென்ஸ் 5 மீட்டர் தூரத்தில் 90 சென்டிமீட்டர் உயரத்தைத்தான் பிடிக்கும். கிரீடமும் மார்பும் மட்டும். 85 மி.மீ. லென்ஸ் அதே இடத்தில் 2.1 மீட்டரைப் பிடிக்கும். அதாவது கிரீடத்தோடு முழு ஆளும் அடங்கிவிடுவார். இரவில் உங்களுக்கு வேண்டிய குவியத் தொலைவு 85-ஐச் சுற்றித்தான் இருக்கிறது. 200 வேண்டியது பகலில், பனைமரத்தின் மேலே. பகல் வெயிலில் எஃப் 2.8-க்கு அங்கே வேலையே இல்லை.

இரவுக்கு 85 மி.மீ. எஃப் 1.8 நிலைக்குவிய (ஜூம் இல்லாத) லென்ஸ் ஒன்றைப் பாருங்கள். எஃப் 5.6-ஐவிட எஃப் 1.8 ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். உங்கள் அதே விளக்கடியில் 1/500 வைத்தாலும் ஐஎஸ்ஓ 2500 போதும். 5 மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இலேயே கூர்மையான ஆழம் 37 சென்டிமீட்டர் இருக்கும், 200 மி.மீ. எஃப் 2.8-ஐவிட மூன்று மடங்குக்கு மேல். குவியத் தொலைவு குறைவு என்பதால் கிடைக்கும் ஆதாயம் இது.

எஃப் 4 ஜூம் ஒன்று, 85 ஒன்று. எஃப் 2.8 ஜூமுக்கு அறிமுக விலை 2019-இல் 2,699 டாலர், எஃப் 4-க்கு 2020-இல் 1,599 டாலர். இடைவெளி 1,100 டாலர். நம்மூர் விலை ஏறி இறங்கினாலும் விகிதம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. பழைய 85 ஒன்றை இந்த இடைவெளிக்குள் வாங்கிவிட்டு மீதிப் பணத்தில் ஏ3 அச்சுகளைப் போட்டுக்கொள்ளலாம்.

வெள்ளிமீன்:

கணக்கில் பிழை இல்லை ஐயா. களத்தில் சிக்கல் இருக்கிறது.

முதலாவது, லென்ஸ் மாற்றுவது. கூத்துக் களம் என்றால் புழுதி. பத்துப் பேர் சலங்கை கட்டிக்கொண்டு மண்ணில் ஆடுகிறார்கள். அங்கே உட்கார்ந்து லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் தூசு படியும். தீமிதி நாளில் சாம்பல் வேறு.

இரண்டாவது, ஆடுகிறவர் இரண்டு மீட்டருக்கு வருகிறார், ஆறு மீட்டருக்குப் போகிறார் என்று தம்பியே சொல்கிறார். 85 வைத்திருப்பவரால் எழுந்து பின்னால் போக முடியாது. பின்னால் இருப்பது குழந்தைகள். ஜூம் என்ற பொருளே இதற்காகத்தான் செய்யப்பட்டது.

மூன்றாவது, எடை. 695-உம் ஈஎஃப் 85-இன் 425-உம் அதை ஆர்6-இல் பொருத்தும் அடாப்டரின் 110-உம் சேர்த்தால் 1230 கிராம். எஃப் 2.8 தனியாக 1070தான். எடைக்காக எஃப் 4 வாங்கியவர் கடைசியில் அதிக எடையைச் சுமப்பார்.

கரிசல்:

பையில் இருக்கும் எடையும் கையில் இருக்கும் எடையும் ஒன்றல்லவே. 85 மாட்டிய ஆர்6 அடாப்டரோடு 1215 கிராம். ஜூமைவிடவும் குறைவு. விடியற்காலையில் கண்ணருகே தூக்கிப் பிடிப்பது அதைத்தான்.

லென்ஸை இரவு முழுவதும் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. கூத்து தொடங்குமுன் ஒப்பனை நடக்கும் கொட்டகையிலேயே 85-ஐ மாட்டிவிடுங்கள். காலையில் படுகளத்துக்குப் போகும்போது ஜூமை மாட்டுங்கள். ஒப்பனையை எடுப்பதற்கும் 85 அருமையான லென்ஸ். அரிதாரம் பூசிக்கொண்டிருப்பவர் முன்னால் பெரிய வெள்ளைக் குழாயை நீட்டினால் அவர் இறுகிப்போவார். சின்ன லென்ஸோடு ஓரமாக உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்.

இரண்டு மீட்டருக்கு அவர் வரும்போது ஜூமும் உதவாது. 70-ம் அங்கே நீளம்தான். கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கூத்தைப் பாருங்கள்.

பனங்காய்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நல்லூர்த் திருவிழாவில் இருபத்தைந்து நாளும் எடுப்பவன் என்ற முறையில் ஒரு வழியைச் சொல்கிறேன், யாரும் அதைச் சொல்லவில்லை. பழைய ஈஎஃப் 70-200 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு. 2010-இல் வந்தது. பழையதாக வாங்கினால் புதிய ஆர்எஃப் எஃப் 4-இன் விலைக்குள் அடங்கிவிடும். ஆர்6-இல் அடாப்டரோடு குவியம் வேகமாகவும் சரியாகவும் பிடிக்கிறது. ஒளிப்பட நேர்த்தியில் இன்றைக்கும் குறை சொல்ல முடியாத லென்ஸ்.

அதற்கு இன்னொரு நன்மை உண்டு. அதோடு குவியத் தொலைவைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் மாட்டினால் 280 மி.மீ. எஃப் 4 ஆகிவிடும். பனைமரத்தின் உச்சியில் இருப்பவரின் முகத்தை நெருக்கமாக எடுக்கலாம். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் ஆர்எஃப் எஃப் 4, முதலில் வந்த ஆர்எஃப் எஃப் 2.8 இரண்டிலுமே டெலிகன்வெர்ட்டர் மாட்ட முடியாது. 2024-இல் வந்த புதிய எஃப் 2.8-இல் மட்டும்தான் மாட்டலாம், அதன் விலை இந்தப் பேச்சுக்கு வெளியே இருக்கிறது.

எடை கூடுதல்தான், மறுக்கவில்லை. லென்ஸ், அடாப்டர், உடல் எல்லாம் சேர்ந்து 2280 கிராம். நான் ஒற்றைக்கால் தாங்கி வைத்துக்கொள்கிறேன்.

பழைய லென்ஸ் வாங்கினால் டார்ச் விளக்கைப் பின்பக்கம் பிடித்து உள்ளே பாருங்கள். நம்முடைய கடலோர ஈரத்தில் பூஞ்சை விரைவில் பிடித்துவிடும், சிலந்தி நூல்போல ஓரத்திலிருந்து படரும். மெல்லிய படலம்போல இருந்தாலும் வாங்காதீர்கள். நிலைப்படுத்தியை இயக்கிக் காதருகே வைத்துக் கேளுங்கள். மெல்லிய ரீங்காரம் இயல்பு, கடகடவென்ற ஒலி இயல்பல்ல.

நுணல்:

எல்லோரும் 2015-இல் நின்றுகொண்டு பேசுவதாக எனக்குத் தோன்றுகிறது. 2023-இல் லைட்ரூம் மென்பொருளிலேயே செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கி வந்துவிட்டது. ஐஎஸ்ஓ 12800-இல் எடுத்த ரா (கேமரா பதப்படுத்தாத) கோப்பை அதில் போட்டால் 3200-இல் எடுத்ததுபோல வருகிறது. இரண்டு ஸ்டாப் இலவசம். எஃப் 4-ஐ வாங்குங்கள், 12800 வையுங்கள், பேச்சு முடிந்தது.

கரிசல்:

முடியவில்லை, நுணல். அந்த மென்பொருளை நானும் பயன்படுத்துகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். தோலும் துணியும் அழகாக வருகின்றன. கிரீடத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடிச் சில்லுகள், மணிச்சரம், சவுரி முடி, அரிதாரத்தில் விழுந்த வியர்வைக் கோடுகள் ஆகியவற்றை அது சில நேரம் தானே கற்பனை செய்து நிரப்புகிறது. செய்தித்தாளுக்கு எடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம். வேடம் கட்டியவரின் வாசலில் ஏ3 அளவில் மாட்டப்போகிற படத்தில், அவர் கையால் ஒட்டிய சில்லு அங்கே இல்லாமல் வேறொன்று இருந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கிரீடத்தை அவர்தான் செய்திருப்பார்.

இரைச்சல் நீக்கி இழுபட்ட கையைத் திரும்ப ஒட்டித் தராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை:

அச்சு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 17 மெகாபிக்சலுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஆர்6-இல் இருப்பது 20. எனவே எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் 85-ஐப் பிடிக்காதீர்கள். சட்டகத்தை அங்கேயே நிரப்புங்கள். வெட்டிய படத்தை அச்சிட்டால் இரைச்சலும் கூடுதலாகத் தெரியும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. இப்போது களத்தில் எல்லாம் எல்இடி விளக்குகள். மலிவான விளக்குகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். வேகமான ஷட்டரில் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வருவது இதனால்தான். ஒலி வராமல் இருக்கட்டும் என்று மின்னணு ஷட்டரை வைத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். இயந்திர ஷட்டரையே வையுங்கள், கேமராவில் உள்ள மினுக்கல் தடுப்பை இயக்கிவையுங்கள். ஷட்டர் ஒலி மிருதங்கத்தில் காணாமல் போய்விடும்.

அளவீட்டைக் கேமராவிடம் விட வேண்டாம். கண்ணாடிச் சில்லுகளில் விளக்கு பட்டால் அது ஏமாந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முகத்துக்கு ஒருமுறை கையால் அளவு வைத்துவிடுங்கள். சிவப்பு முகப்பூச்சு இருந்தால் அதைவிட மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். எல்இடியில் சிவப்பு மட்டும் முதலில் எரிந்துபோகும், முகத்தின் வரிகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வெள்ளிமீன்:

எரிந்த சிவப்பைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மணமகள் பட்டுச் சேலையில் தினமும் பார்ப்பது.

லென்ஸ் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஒரே ஒரு லென்ஸ்தான் என்றால் எஃப் 2.8. தம்பிக்கு ஐந்து மீட்டரில் இடம் கிடைக்கிறது என்பதால் 85 பொருந்துகிறது. நாளைக்கு வேறு ஊரில் அந்த இடம் கிடைக்காது. மேடையில் நடக்கும் கூத்தானால் முதல் வரிசையே பத்து மீட்டரில்தான் இருக்கும். அன்றைக்கு 85 கைவிட்டுவிடும். ஒன்று செய்யுங்கள். சென்னையில் லென்ஸ் வாடகைக்குத் தருபவர்கள் இருக்கிறார்கள். எஃப் 2.8-ஐ ஒரே ஓர் இரவுக்கு எடுத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் எல்லாப் படங்களின் குவியத் தொலைவையும் கணினியில் வரிசைப்படுத்திப் பாருங்கள். 70-க்கும் 100-க்கும் இடையில் குவிந்திருந்தால் ஏரிக்கரை ஐயா சொல்வது சரி. 135-க்கு மேல் இருந்தால் நான் சொல்வது சரி.

பிளாஷ் வாங்கட்டுமா என்று கேட்டுவிடாதீர்கள் என்பதை மட்டும் கரிசல் அக்காவின் சார்பிலும் சொல்லிக்கொள்கிறேன்.

கரிசல்:

சொன்னதற்கு நன்றி, வெள்ளிமீன். சுழன்று கொண்டிருப்பவரின் கண்ணில் பிளாஷ் அடித்தால் கால் தவறும். தலையில் கிரீடமும் தோளில் கட்டையும் கொண்டு விழுந்தால் காயம் பலமாகப் படும்.

படுகளம்:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிமீன் அண்ணா சொன்ன கணக்கைப் பழைய படங்களிலேயே செய்து பார்த்தேன், வாடகை லென்ஸுக்குக் காத்திருக்கவில்லை. களத்தின் ஓரத்தில் இடம் கிடைத்த பிறகு எடுத்த இரவுப் படங்களை மட்டும் பிரித்தேன். 80டி-யில் பெரும்பாலானவை 55-இலும் அதை ஒட்டியும் இருக்கின்றன. ஆர்6-க்கு மாற்றினால் ஏறக்குறைய 88 மி.மீ. நீட்டி எடுத்தவை எல்லாம் மக்களுக்குப் பின்னால் நின்ற காலத்துப் படங்கள். தபசும் படுகளமும் முழுக்க நீட்டித்தான் எடுத்திருக்கிறேன், எல்லாம் பகலில்.

எனவே ஆர்எஃப் 70-200 எஃப் 4 வாங்கப்போகிறேன், கூடவே பழைய ஈஎஃப் 85 எஃப் 1.8. ஆர்எஃப் 85 எஃப் 2-ஐயும் பார்த்தேன். நிலைப்படுத்தி இருக்கிறது, நெருக்கமாகவும் எடுக்கலாம், ஆனால் இருட்டில் குவியம் தேடித் தேடி நிற்கிறது என்று பயன்படுத்துபவர்கள் சொல்கிறார்கள். கூத்துக்கு அது ஒத்துவராது என்று விட்டுவிட்டேன்.

மேடைக் கூத்து எடுக்க நேர்ந்தால் அந்த ஓர் இரவுக்கு எஃப் 2.8-ஐ வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன், அண்ணா. பனங்காய் அண்ணன் சொன்ன டெலிகன்வெர்ட்டர் வழி மனதை இழுக்கிறது. 2280 கிராமை ஐந்து மணிநேரம் தூக்க என் தோள் இடம் கொடுக்காது.

ஒரு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது. ஈஎஃப் 85-க்கு எந்த அடாப்டர் வாங்க வேண்டும்? மூன்று வகை காட்டுகிறார்கள்.

பனங்காய்:

சாதாரண அடாப்டரே போதும். கட்டுப்பாட்டு வளையம் உள்ளது விலை கூடியது, படத்தின் தரத்தில் எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் இரவில் கண்ணை எடுக்காமல் ஐஎஸ்ஓவை மாற்ற அந்த வளையம் வசதியாக இருக்கும். உங்கள் ஆர்எஃப் எஃப் 4-இலும் அப்படி ஒரு வளையம் இருக்கிறது. பணம் இடம் கொடுத்தால் அதை வாங்குங்கள். வடிகட்டி செருகும் மூன்றாவது வகை காணொளி எடுப்பவர்களுக்கானது, அதை விட்டுவிடுங்கள்.

வேறு நிறுவன அடாப்டர் வாங்குவதானால் லென்ஸைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.

ஏரிக்கரை:

85-க்கு ஒளி மறைப்பான் தனியாக வாங்க வேண்டும், பெட்டியில் வராது. பக்கவாட்டிலிருந்து விளக்கு அடிக்கும் இடத்தில் அது இல்லாவிட்டால் கறுப்பு வெளுத்துவிடும். லென்ஸோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், தம்பி.